நாலாவது தாள்

ரொறன்ரோவில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் மூன்று வருஷம் ஒரு வசனம்கூட நானாக எழுதவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியே போன நிருபர்கள் ரெலிபோனில் சொல்லச் சொல்ல ரைப்ரைட்டரில் அடித்துக்கொடுப்பதுதான் வேலை. அப்படி ஒரு உத்தியோகம் இருந்தது என்றால் இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நான் எழுத வந்தது ஆர்தர் பெல்வுட் என்ற மனிதரைப் பற்றி. அவரைப் பற்றி எழுதும்போது என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். அது எனக்குப் பெருமை தருகிற பகுதி அல்ல.

யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், நான் தட்டெழுத்தாளராக இருந்தேன். நிமிஷத்துக்கு எழுபது சொல் அடிப்பேன். எண்பத்து மூன்றின் கடைசியில் கனடா வந்து, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, பத்திரிகையில் விளம்பரம் பார்த்து சோதனைக்குப் போனேன். அடித்துக் காட்டச் சொன்னார்கள், அடித்தேன், அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலை என்று பத்திரிகைக் கந்தோர் ஒரு கடிதம் தரவேண்டும். அதற்கு ஒழுங்காக, ஒரு பிழையும் பிடிபடாமல் வேலை செய்யவேண்டும். அந்தக் கடிதம்தான் அந்த நாட்களில் என் சாப்பாடு, நித்திரை எல்லாம்.

பெல்வுட் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி அணிக்கு ஆறு வருஷம் வேகப்பந்து போட்டவர். கவுண்டி என்றால் அங்கே மாவட்டம் மாதிரி. அந்த மாவட்ட அணிகளில் ஆடுவதே ஒரு உத்தியோகம். அதை நடுவில் விட்டுவிட்டுக் கனடா வந்து விளையாட்டு நிருபர் ஆனார். ஏன் விட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கிற உரிமையும் இல்லை. மாரியில் ஐஸ் ஹொக்கியும் கோடையில் படகுப் போட்டியும் எழுதுவார். சனிக்கிழமைகளில் ரொறன்ரோக் கழகங்களின் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றுக்குப் போய், அடுத்த நாள் பத்திரிகைக்கு ஒரு சின்னப் பத்தி கொடுப்பார்.

அந்தச் சின்னப் பத்திக்குத்தான் எங்கள் அறையில் பெரிய சண்டை. கிரிக்கெட் செய்தியை எடுக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. பெல்வுட் சொல்வது ஒன்றும் விளங்காமல் மூன்று பேர் அழுவாரைப் போல அடித்துக்கொடுத்திருக்கிறார்கள். நான் வந்த முதல் கோடையில், "தேவா, உங்கட நாட்டில இது விளையாடுறதுதானே?" என்று அவரை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அது லொத்தர் விழுந்த மாதிரி.

"பெல்வுட் பேசுகிறேன். வசதியாக இருக்கிறீரா?" என்றுதான் தொடங்குவார். ஆங்கிலத்தில்தான் சொல்வார், ஆனால் அந்தக் குரலில் எப்போதும் 'நீர்' என்ற மரியாதை இருந்தது. நான் வசதியாக இருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் முதல் வசனம் வரும். ஒரு பராவுக்கு ஒரு தாள். தாளுக்குக் கீழே மூன்று பிரதி விழுவதற்குக் காபன் வைத்திருப்போம்: ஒன்று செய்தியைத் திருத்துகிற உதவி ஆசிரியருக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று எங்கள் அறைக்கு. ஒவ்வொரு பரா முடிவிலும் "அடுத்த தாள்" என்பார். முடிந்ததும் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் திருப்பி வாசிக்கச் சொல்வார். வீரர்களின் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொல்வார். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பையனிடமும் போய், உம்முடைய பெயரை நீர் எப்படி எழுதுவீர் என்று கேட்டுத் தபால் உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வருவாராம். ஒரு மனிதனுடைய பெயரையே பிழையாகப் போட்டால், மிச்சத்தை அவன் ஏன் நம்பவேண்டும் என்று ஒருமுறை சொன்னார்.

அடைமொழிகள் அவருக்குப் பிடிக்காது. நான் ஒருநாள் உற்சாகத்தில், அவர் சொன்ன "நல்ல பிடி" என்பதை "அற்புதமான பிடி" என்று அடித்துவிட்டேன். திங்கட்கிழமை என் மேசைக்கு ஒரு துண்டு வந்தது. "பந்து எங்கே விழுந்தது, எங்கே போனது என்பதைச் சொன்னால் போதும். அற்புதமா என்பதை வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார்." கீழே கையெழுத்து. எனக்குக் கோபம் வரவில்லை. கச்சேரியில் எத்தனையோ பெரிய துரைமாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஒருவர்கூட இவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை.

ஒரு சனிக்கிழமை லீவு எடுத்து மைதானத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். நெட்டையான மனிதர், பழைய வைக்கோல் தொப்பி, கையில் தேநீர்ப் போத்தல். கழக அதிகாரிகள் கதிரை போட்டுக் கூப்பிட்டும் அவர் இருக்கவில்லை. பந்து போடுகிறவனுக்கு நேர் பின்னால் நின்று ஒரு ஓவர், பக்கவாட்டில் நின்று ஒரு ஓவர், பிறகு எதிர்ப்பக்கம். ஆட்டம் முடியும்வரை மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இவ்வளவு நடை, பத்திரிகையில் பத்து வசனத்துக்காக! அந்த வேலைப் பற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறையும்.

எண்பத்தாறில் யூட் எங்களுடன் வந்து சேர்ந்தான். பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். யூட் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பையன், இருபத்தொரு வயது, பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவான். ஒரு கழக ஆட்டத்தில் அவன் பந்து போட்டதை முதலில் பார்த்த அன்று நான் வாயைப் பிளந்தேன். விக்கெட் காப்பாளர் வழக்கமான இடத்தை விட்டு ஏழெட்டு அடி பின்னுக்குப் போய் நின்றார். மூன்றே கிழமையில், மாகாண அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் அவனைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று கதை வந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் வந்த ஒரே நல்ல செய்தி அதுதான். ஊரிலிருந்து வருகிற கடிதம் ஒவ்வொன்றையும் பயந்து பயந்து உடைத்துக்கொண்டிருந்த காலம்.

யூலையில் ஒரு சனி பின்னேரம் பெல்வுட் அழைத்தார். யூட் ஆறு விக்கெட் எடுத்த ஆட்டம். முதல் மூன்று தாள்களும் நான் சிரித்துக்கொண்டே அடித்தேன். "அடுத்த தாள்" என்றார். நாலாவது தாள். அவர் சொன்னதை இப்போதும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்:

"யூட் இந்த நாட்டில் நான் பார்த்த மிக வேகமான பந்து வீச்சாளர். ஆனால் ஓவரில் ஒரு பந்து, அவருடைய அதிவேகப் பந்து, நிமிர்ந்த கையிலிருந்து வரவில்லை. குற்றம் அந்த ஒரு பந்தில்தான்; திருத்திவிடலாம். நடுவர் சொல்வதற்கு முன் யாராவது அவருக்குச் சொல்லவேண்டும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை."

கிரிக்கெட் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். பந்து போடும்போது முழங்கை மடங்கி நிமிர்ந்தால் அது வீச்சு அல்ல, எறி. கிரிக்கெட்டில் ஒரு பந்து வீச்சாளனை 'எறிகிறவன்' என்று சொல்வது, சந்தையில் வைத்து ஒருவனைக் கள்ளன் என்று சொல்வது மாதிரி. அந்தப் பேர் ஒட்டினால் ஒட்டினதுதான்.

நான் இரண்டாவது வசனத்திலேயே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு சொன்னவற்றை என் விரல்கள் அடித்தன, மண்டைக்குள் போகவில்லை. கடைசி வசனம் எதற்கு என்றே யோசிக்கவில்லை. அவர் ஆறு தாளும் சொல்லி முடித்து, எண்களைத் திருப்பி வாசிக்கக் கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மாகாண அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் வாசிப்பது பெல்வுட்டின் பத்தியைத்தான். நான் நாலாவது தாளையும் அதன் பிரதிகளையும் உருவி மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். ஐந்தை நாலு என்றும் ஆறை ஐந்து என்றும் மாற்றி அந்த இரண்டு தாள்களையும் மறுபடி அடித்தேன். அதற்கு ஐந்து நிமிஷம் எடுத்தது. ஒரு பையனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் யூட்டின் தலையைத் தடவி, "நாளைக்குப் பேப்பரில உன்ர பேர் வருது, பாரடா" என்றேன்.

பெல்வுட் ஒன்றும் கேட்கவில்லை. கிரிக்கெட் பத்தியை இடத்துக்காக வெட்டுவது எங்கள் பத்திரிகையில் வழக்கம். உதவி ஆசிரியர் வெட்டிவிட்டார் என்று நினைத்திருப்பார். யூட்டை மாகாண அணிக்கு எடுத்தார்கள். ஓகஸ்ட் கடைசியில், இன்னொரு மாகாணத்துக்கு எதிராக, ரொறன்ரோவிலேயே ஆட்டம். எங்கள் ஆட்கள் நாற்பது பேர் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு வேலை.

பின்னேரம் ஹெட்போனில் அந்தக் குரல் வந்தது. "வசதியாக இருக்கிறீரா?" ஓம் என்றேன். அன்றைக்கு நடந்ததை நான் என் விரலாலேயே அடித்துத் தெரிந்துகொண்டேன். யூட்டின் இரண்டாவது ஓவரில், பக்கவாட்டில் நின்ற நடுவர் கையை நீட்டி 'நோ போல்' என்றார். எறி. அடுத்த ஓவரில் இரண்டு தரம். அணித்தலைவர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். யூட்டை எல்லைக்கோட்டில் நிற்க அனுப்பினார்கள். அந்த இடம் எங்கள் ஆட்கள் இருந்த இடத்துக்கு நேர் முன்னால். "அவர் மீதி இரண்டு மணித்தியாலமும் அங்கே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த தாள்."

அன்றிரவு யூட் ஒன்றும் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "நாலு மாசமாப் போடுறன் அண்ணை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே" என்றான். நான் லைற்றை அணைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பெல்வுட் எங்கள் அறைக்கு வந்தார். இரண்டு வருஷத்தில் அவர் அங்கே காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. அறையில் நான் மட்டும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார். யூலை மாதத் தாள்கள் ஐந்தை மேசையில் வரிசையாக வைத்தார். பக்கத்தில் தன்னுடைய தபால் உறையை வைத்தார். அதில் ஒன்றிலிருந்து ஆறுவரை இலக்கம் போட்டுக் குறிப்பு.

"நான் சொன்னது ஆறு," என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. யூட் என் வீட்டில் இருக்கிறான், நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். தாள்கள் இன்னும் என் பெட்டிக்குள் இருக்கின்றன என்றும் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "எங்கள் கவுண்டியில் எல்லோருக்கும் தெரியும், தேவா. என் கை மடங்குகிறது என்று அணித்தலைவருக்குத் தெரியும், விக்கெட் காப்பாளருக்குத் தெரியும். நிருபர்கள் பின்னேரம் என்னோடு பியர் குடித்தார்கள். நல்ல மனிதர்கள். என்னை நோகவைக்கக்கூடாது என்று இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருநாள், மைதானம் நிறைந்த சனத்துக்கு நடுவில், ஒரு நடுவர் சொன்னார். என் மனைவி அந்தச் சனத்துக்குள் இருந்தாள்." மேசையில் இருந்த உறையைக் காட்டிச் சொன்னார்: "அந்தப் பையன் அந்த ஒரு பந்தை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் போட்டிருந்தாலே போதும். அதைச் சொல்லத்தான் அந்தத் தாள்."

அப்போதுதான் கடைசி வசனம் என் மண்டைக்குள் இறங்கியது. அவருக்கு அந்த 'நல்ல மனிதர்கள்' செய்ததை யூட்டுக்கு நான் செய்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதேன். அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. விளையாட்டுப் பகுதி ஆசிரியருக்கு அன்று காலையிலேயே நாலைந்து பேர் ரெலிபோன் பண்ணியிருக்கிறார்கள். பெல்வுட் கோடை முழுக்க அந்தப் பையனைப் பார்த்தவர், ஏன் ஒன்றும் எழுதவில்லை? தானும் எறிந்து பிடிபட்டவர் என்பதால் மூடிவிட்டாரா? ஆசிரியர் நாளைய பத்திரிகைக்கு விளக்கம் கேட்டிருந்தார்.

"அடியும்," என்றார் பெல்வுட். நான் தாளைச் சுற்றினேன்.

நின்றுகொண்டே சொன்னார். யூட்டின் பந்துவீச்சில் எங்கே குற்றம், அது எவ்வளவு சின்னக் குற்றம், எப்படித் திருத்தலாம். எல்லாம் வழக்கம் போல ஒரு அடைமொழியும் இல்லாமல். பிறகு: "யூலையில் நான் இதைப் பார்த்தேன். இந்தப் பத்தியில் சொல்லவில்லை. அது என் தவறு."

என் விரல்கள் நின்றுவிட்டன. "இது உண்மையில்லையே, சேர்," என்றேன்.

"உம்முடைய கடிதம் எப்போது வருகிறது?"

நான் கடிதத்துக்கு விண்ணப்பித்திருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. ஒக்டோபரில் என்றேன்.

"அப்படியானால் அடியும்."

அடித்தேன். நல்ல பிடியை அற்புதமான பிடி என்று சொல்லவிடாத மனிதர் அவர். அவர் பெயருக்குக் கீழே வந்த ஒரேயொரு பொய் அதுதான். அது எனக்காகச் சொன்ன பொய்.

அதற்குப் பிறகு அவர் பட்டதை நான் பார்த்தேன். எறிகாரன் எறிகாரனைக் காப்பாற்றினான் என்று கடிதங்கள் வந்தன. அறிவிப்புப் பலகையில் யாரோ ஒன்றைக் குத்திவைத்திருந்தார்கள். அவர் அதை வாசித்து, அதில் பிழையாக இருந்த ஒரு பெயரைப் பேனாவால் திருத்திவிட்டுப் போனார். அந்த மாரியில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தைச் சனிக்கிழமை காலைகளுக்குக் கேட்டு எடுத்து, யூட்டை வரச் சொல்லி என்னிடம் சொல்லியனுப்பினார். யூட் மூன்று கிழமை போனான். நாலாவது கிழமை சப்பாத்தைக் கழற்றி எறிந்தான்.

"அந்தாள் யூலையிலயே கண்டிருக்குது அண்ணை. பேப்பரில தானே எழுதியிருக்கிறார். கண்டும் வாயைத் திறக்காத மனிசன் இப்ப என்னத்துக்கு எனக்குப் பழக்கவேணும்?"

அப்போது சொல்லியிருக்கவேண்டும். கடிதம் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் மனைவியின் கோப்பு இன்னும் நகரவில்லை, வேலை போனால் எல்லாம் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யூட் வரமாட்டான் என்று சொல்ல நான் அந்த மண்டபத்துக்குப் போனேன். பெல்வுட் பந்துப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். சரி என்றார். அடுத்த சனியும் போயிருக்கிறார், அதற்கடுத்த சனியும் போயிருக்கிறார். மண்டபத்துக் காவலாளி பிறகு எனக்குச் சொன்னார். யூட் அதோடு பந்தைத் தொடவில்லை.

எண்பத்தேழில் மனைவியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் மகள் என்னை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள். அந்த வருஷம் வோபர்னுக்கு வீடு மாறினோம். என்னை உதவி ஆசிரியர் மேசைக்கு எடுத்தார்கள். பெல்வுட் சிபாரிசு செய்ததாகக் கேள்வி. எண்பத்தொன்பதில் அவர் ஓய்வு பெற்றார். நான் இன்னும் பல வருஷம் இருந்து, மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி, நானும் ஓய்வு பெற்றேன். யூட்டும் நானும் இப்போதும் கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் சந்திக்கிறவர்கள். கிரிக்கெட் கதை எடுத்தால் அவன் தவறாமல் சொல்வான்: "பெல்வுட் நல்ல மனிசன்தான், ஆனா நேரத்துக்குச் சொல்லேல்லை." முப்பது வருஷத்துக்கு மேலாக நான் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பெல்வுட் காலமானார். தொண்ணூறு தாண்டியிருந்தது. பத்திரிகையில் அஞ்சலிக் குறிப்பு எழுதுகிற மாயா என்ற பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"அங்கிள், நீங்க அவரோட வேர்க் பண்ணினீங்கதானே? ஓல்ட் ஃபைல்ல அவர்ட ஒரு கொலம் இருக்கு. ஒரு போலரைப் பற்றித் தெரிஞ்சும் எழுதாம விட்டேன் எண்டு அவரே சொல்றார். அது அவர்ட கரியர்ல ஒரேயொரு பிளொட், கறை மாதிரி, இல்லையா? நான் அதை மூன்றாவது பராவில வைக்கிறன். ஓகேயா?"

ஓகே இல்லை என்றேன். முழுவதையும் சொன்னேன். முடிந்ததும், "உங்கட பேர் போடலாமா அங்கிள்?" என்றாள். என் பெயரைத் தாராளமாகப் போடு, ஆனால் நாளைவரை பொறு என்றேன். அதைப் பேப்பரில் வாசித்து யூட் தெரிந்துகொள்ளக்கூடாது.

பெட்டிக்குள்ளிருந்து நாலாவது தாளை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலை யூட்டின் வீட்டுக்குப் போனேன். ரூஜில் புது வீடு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றுவிட்டான், முடி முழுக்க வெள்ளை. அவன் மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்துத் தாளை நீட்டினேன். மடிப்பில் கிழிந்து, எழுத்து மங்கியிருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான்.

"நீங்கள் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கமாட்டன் அண்ணை," என்றான். "என்ர வேகத்தில உங்களுக்கு எரிச்சல் எண்டு நினைச்சிருப்பன். அவர் எழுதியிருந்தாக் கேட்டிருப்பன்."

"ஓம்," என்றேன்.

"அந்த மாரி மூண்டு கிழமையும் அவரோட ஒழுங்கா முகம் குடுத்துக் கதைக்கேல்லை நான்."

தேத்தண்ணி ஆறிப்போனது. என்னைப் போகச் சொல்வான் என்று நினைத்து எழும்பினேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் சப்பாத்தைப் போடும்போதுதான் பின்னால் குரல் வந்தது.

"எந்தப் பேப்பர்? ஞாயிறோ?"

"ஓம். அந்தப் பிள்ளை எழுதுது."

"இதை அப்படியே போடச் சொல்லுங்கோ," என்றான். தாள் அவன் கையிலேயே இருந்தது. "என்ர கை மடங்கினது எண்டதையும் சேர்த்து. என்ர பேரோட."

காருக்குள் இருந்தே மாயாவைக் கூப்பிட்டு ஐந்து வசனத்தையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பெல்வுட்டின் படத்துக்குக் கீழே, தனிக் கட்டத்தில், அவர் பெயரோடு வந்தது. ஒரு சொல்லும் குறையவில்லை.